ஒரு முழம் பூக்கட்டும் நேரம்

அந்த யோசனை எனக்கு முதன்முதலாகத் தோன்றியபோது அக்கா தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஊன்றி, மூக்கு சிமெண்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்திருந்தார். எதிரே இடுப்புயரத்தில் ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்குப் பொட்டு இல்லை, மாலை இல்லை. ஆனாலும் பார்க்கிறவனுக்கு அவர் அதைக் கும்பிடுவதாகத்தான் தோன்றும்.

"என்னண்ணே, மெஷினைக் கும்புடுறாங்க?" என்று பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைக் கேட்டேன்.

"வர்ற ஆளு எல்லாரும் மொத நாளு இதையேதான் கேக்குறீங்க. கும்புடல தம்பி. மோந்து பாக்குது."

அக்கா எழுந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டார். கொட்டகைக் கதவை அகலமாகத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். வெளியே வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்து, மடியிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து நாரில் கட்ட ஆரம்பித்தார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பரபரப்பாக இருந்தது, அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரு முழம் வந்ததும் முழங்கையோடு வைத்து அளந்தார், முடிச்சுப் போட்டார், உள்ளே போனார், மறுபடியும் குனிந்து மோந்தார். அதற்கப்புறம்தான் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

என் கையில் புதுக் கடிகாரம். டிப்ளமோ பாஸ் பண்ணியதற்கு அப்பா வாங்கித் தந்தது. பார்த்தேன். ஐந்து நிமிஷம், கூடக் கொஞ்சம் நொடி.

அட, இவ்வளவுதானா! ஒரு முழம் பூ என்றால் ஐந்து நிமிஷம். இதைக் கணக்காக எழுதிச் சுவரில் ஒரு போர்டு மாட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் இந்த ஹீட்டரைப் பற்ற வைக்கலாமே. குப்புற விழுவதும் வேண்டாம், பூக்கட்டுவதும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆஸ்பத்திரியைச் சீர்திருத்த எனக்கு வழி கிடைத்துவிட்டது.

அது எலும்பு ஆஸ்பத்திரி. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே, ரோட்டை விட்டு ஒதுங்கி இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கால் நசுங்கியவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள், வண்டி குடை சாய்ந்து இடுப்பு பிசகியவர்கள் எல்லாம் அங்கேதான் வருவார்கள். பின்கட்டில் ஒரு சிமெண்ட் தொட்டி. ஒரு கோடியில் தொடையளவு ஆழம், மறு கோடியில் மார்பளவு. வெதுவெதுப்பான தண்ணீரில் இறங்கி நடந்தால் விறைத்த மூட்டு இளகும் என்பது பெரிய டாக்டரம்மாவின் வைத்தியம். தண்ணீரைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டரை யாரோ ஒரு புண்ணியவான் வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்பியிருந்தார். சிலிண்டர் திருச்சியிலிருந்து லாரியில் வரும். நீச்சல் குளத்துக்கும் ஸ்பாவுக்கும் மட்டும் என்று ஹீட்டர் மேல் தகட்டில் இங்கிலீஷில் இருந்தது. ஸ்பா என்றால் என்ன என்று நான் டாக்டரம்மாவையே கேட்டேன்.

"வசதியானவங்க சுடுதண்ணியில சும்மா ஊறுற தொட்டிப்பா."

அக்கா பக்கத்திலேயே தரை துடைத்துக்கொண்டிருந்தார். "சும்மாவா? நம்மாளுங்களுக்குக் கால் ஒடிஞ்சாதான் அந்தக் குடுப்பினை" என்றார்.

அவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். உடையார்பாளையம் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். எட்டாவது வரைக்கும் படித்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தது தரை துடைக்க. ஹீட்டருக்கு முதலில் சர்டிபிகேட் வைத்திருந்த ஓர் ஆள் இருந்தாராம். அந்தக் கதையை அக்கா சொல்லிக் கேட்கவேண்டும்.

"சின்னவன் அணைஞ்சிட்டான். அந்தாளு குமிழைத் தொறந்துட்டு சட்டப்பையத் தடவுறாரு, தீப்பெட்டி இல்ல. டீக்கடைக்குப் போயி வாங்கிட்டு, ஒரு டீயும் குடிச்சிட்டு வந்து பத்த வச்சாரு. புஸ்ஸுனு ஒரு சத்தம் தம்பி! நான் தொட்டிகிட்ட தொடைச்சிட்டு இருந்தேன், வாளி உருண்டு போச்சு. ஓடிப் போயிப் பாத்தா ஆளு முழுசா நிக்கிறாரு. புருவத்தை மட்டும் காணோம். மறுநாள்லேருந்து ஆளையும் காணோம்."

சின்னவன் என்பது ஹீட்டருக்குள் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் சிறு தீ. எங்கள் புத்தகத்தில் அதற்குப் பைலட் என்று பேர். அதிலிருந்து பற்றிக்கொண்டு எரிகிற பெரிய தீவரிசை, அக்கா கணக்கில், பெரியவன். "சின்னவன் தூங்கிட்டான்", "பெரியவன் இன்னிக்கு மஞ்சளா எரியிறான், மூஞ்சி சரியில்ல" என்றெல்லாம் பேசுவார். நீலமாக எரிந்தால்தான் அவருக்கு நிம்மதி. மஞ்சள் தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு, எங்கே காற்று அடைத்திருக்கிறது என்று தேடுவார்.

புருவம் போன ஆளுக்குப் பதில் யார் என்று டாக்டரம்மா கேட்டபோது, "நான் பாக்குறேன். ஆனா என்னைய யாரும் அவசரப்படுத்தக் கூடாது" என்று அக்கா சொன்னாராம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. இந்த ஒரு நிபந்தனைதான்.

அந்த அவசரப்படாத நேரத்துக்குத்தான் பூ. அடுப்பு கேஸ் காற்றை விடக் கனம். புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படுக்கும். கொட்டகைச் சுவரில், தரையை ஒட்டி, கை நுழைகிற மாதிரி நான்கு ஓட்டைகள் விட்டிருந்தது அதற்காகத்தான். தீ அணைந்தால் கேஸை மூடிவிட்டு, கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கிற கேஸ் அந்த ஓட்டைகள் வழியாக வழிந்து போகும் வரை வெளியே காத்திருக்க வேண்டும். அக்காவிடம் கடிகாரம் இல்லை, ஒரு முழம் கட்டுவார். ஐப்பசிக் காற்று வீசுகிற நாட்களில் சின்னவன் ஓயாமல் அணைவான். அன்றைக்குப் பெண்கள் வார்டில் மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருக்கிற கிழவிகள்கூடத் தலையில் கனகாம்பரத்தோடு இருப்பார்கள். "இன்னிக்கு நாலு தடவை அணைஞ்சுதாக்கும்?" என்று அவர்கள் தலையைப் பார்த்தே நர்ஸம்மா கேட்பார்.

அக்காவுக்கு மூக்கில்தான் நம்பிக்கை. யார் என்ன சொன்னாலும், "இரு, ஒரு வாட்டி பாத்துடுறேன்." நான் பம்ப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் போதாது, தொட்டிக்குள் தண்ணீர் வந்து விழுகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் தீ. தண்ணீர் ஓடாமல் தீ வைத்தால் உள்ளே இருக்கும் செப்புக்குழாய் வெந்துபோகும். அணைக்கும்போது தீ முதலில், பம்ப் பத்து நிமிஷம் கழித்து. தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விட்டிருப்பார். அது சொன்னதும் போதாது, முழங்கையைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார். பிளீச்சிங் பவுடர் மூட்டையைக் கொட்டகைக்குள் யார் வைத்தாலும் அடுத்த நிமிஷம் அது வெளியே கிடக்கும். ஈரப் புடவையை ஹீட்டர் மேல் காயப்போட்ட நர்ஸுக்கு அந்தப் புடவை வேப்பமரக் கிளையிலிருந்து திரும்பக் கிடைத்தது. ஆயுதபூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் கதவோடு சரி. "கற்பூரத்த வாசல்லயே காட்டுங்க, சாமி எட்டிப் பாத்துக்கும்."

ஒருநாள் ஜெயங்கொண்டத்திலிருந்து நானும் அவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். நல்ல கூட்டம். திடீரென்று எழுந்து நின்று, "கண்டக்டரண்ணே, வண்டிய நிறுத்துங்க, துணி கருகுது" என்றார்.

"யம்மா, அது இஞ்சின் வாடை, உக்காரு."

"இஞ்சின் வாடை எனக்குத் தெரியாதா? இது துணி."

பஸ் நின்றது. எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர் ஒவ்வொரு சீட்டாக மோந்துகொண்டே போனார், எனக்கோ மானம் போனது. ஆறாவது சீட்டில் ஒரு பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். அணைந்துவிட்டது என்று நினைத்து அவர் சட்டைப்பையில் போட்டிருந்த பாதிப் பீடி, பையை ஓட்டை போட்டு உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. தட்டி எழுப்பியதும் அவர் முதலில் கேட்டது, "என்ன, அரியலூர் வந்துட்டா?"

இப்படிப்பட்டவரிடம்தான் நான் என் போர்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தகரத்தில் நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் என் கையாலேயே எழுதியது. பத்து நாள் அவர் பூக்கட்டும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துச் சராசரி எடுத்து, ஹீட்டரோடு வந்த புத்தகத்திலும் சரிபார்த்தேன். புத்தகத்திலும் அதே ஐந்து நிமிஷம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று படித்தார். "எழுத்து அழகா இருக்கு தம்பி. மோந்து பாக்குறத எழுதலியே?"

"அதுக்குத்தானே அஞ்சு நிமிஷம் போட்டிருக்கேன். அதுக்குள்ள எல்லாம் போயிடும்க்கா."

"போயிடும். போயிடுச்சான்னு யாரு பாக்குறது?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தரையோரம் மோந்து பார் என்று புத்தகத்திலும் இருந்தது. டிப்ளமோ படித்தவன் குப்புறக் குனிவதா என்று நான்தான் அந்த வரியை விட்டுவிட்டேன். போர்டையும் அப்படியே கொட்டகைச் சுவரில் மாட்டினேன்.

அந்த ஐப்பசியில் எங்கள் எல்லோருடைய கவலையும் ஒரே ஒரு முழங்காலைப் பற்றித்தான் இருந்தது. ட்ரில்லரண்ணன் என்று கூப்பிடுவோம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் மெஷினை ஓட்டியவர். கல் உருண்டு கால் ஒடிந்தது. எலும்பு கூடிவிட்டது, முட்டிதான் மடங்கவில்லை. வியாழக்கிழமை சுரங்கத்து டாக்டர்கள் காலைப் பார்த்து முடிவு சொல்லும் மெடிக்கல் போர்டு. மெஷின் மேல் ஏறி இறங்கும் அளவுக்குக் கால் மடங்கினால் வேலை, இல்லாவிட்டால் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் ஆறு பேர், சம்பாதிக்கிறவர் இவர் ஒருவர். தினமும் தொட்டியிலிருந்து ஏறியதும் ஈரத் துண்டோடு வராந்தாவுக்கு வந்து, ஸ்டாண்டு போட்டு நிற்கும் என் சைக்கிளில் ஏறிப் பெடலை மிதித்துப் பார்ப்பார். பெடல் மேலே வந்து நின்றுவிடும். ஒரு சுற்று முழுசாக வர இன்னும் இரண்டு விரற்கடை மிச்சம்.

"இன்னும் ரெண்டே வெரலு தம்பி" என்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவார். தேர்தலில் ஜெயித்தவர் மாதிரி இருக்கும்.

அந்த மெடிக்கல் போர்டுக்கு முந்தின சனிக்கிழமை அக்கா தங்கை பிரசவத்துக்கு ஊருக்குப் போனார். "செவ்வாக்கிழமை காலைல வந்துடுறேன். அதுவரைக்கும் பாத்துக்க தம்பி. அவசரப்படாத."

அன்று மத்தியானமே கொட்டகை ஓட்டை ஒன்றிலிருந்து ஒரு கட்டுவிரியன் வெளியே வந்தது. வாட்ச்மேன் அடித்துப் போட்டார். மேனேஜர் வந்து பார்த்தார். "தொட்டிக்கு வெறுங்காலோட நடக்குறவங்க நம்ம பேஷண்டுங்க. இந்த ஓட்டையெல்லாம் இன்னிக்கே அடைங்கப்பா."

சொன்னதும் செய்தேன். சொன்னதற்கு மேலும் செய்தேன். நான்கு ஓட்டையையும் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் வைத்து அடைத்தேன். பாம்பு வாசல் வழியாக ஏறிவிடக் கூடாது என்று வாசற்படியையும் ஒரு அடி உயர்த்திக் கட்டினேன். கட்டி முடித்துவிட்டுத் தூர நின்று பார்த்தேன். திருத்தமாக இருந்தது. யாருக்கும், எனக்கும்தான், வேறெதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில் தரையோடு ஒரு ஓட்டையைக் கண்டால் பாம்புதான் ஞாபகம் வரும்.

ஞாயிறு தொட்டிக்கு லீவு. திங்கள் நல்லபடியாக எரிந்தது. செவ்வாய் விடியலில் மழையும் காற்றுமாக அடித்தது, சின்னவன் அணைந்துவிட்டான். ஆறு மணிக்கே ட்ரில்லரண்ணன் தோளில் துண்டோடு வந்து நின்றார். நான் குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தீக்குச்சியை உரசினேன். மழையில் பெட்டி நமுத்திருந்தது. ஒரு குச்சி, இரண்டு, ஐந்து, ஆறு. மருந்து உதிர்கிறதே தவிர எரியவில்லை. அமுக்கிய குமிழை நான் விடவும் இல்லை. கடைசியில் விட்டுவிட்டு, போர்டைப் பார்த்து, கதவைத் திறந்து வைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நொடி பிசகாமல் ஐந்து நிமிஷம். அதற்குள் சமையல்கட்டுக்கு ஓடி அடுப்போரம் இருந்த காய்ந்த தீப்பெட்டியை எடுத்துவந்தேன். படி தாண்டி உள்ளே போய்க் குச்சியை எடுத்தாகிவிட்டது.

"தம்பி, இரு."

காலை பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் பையோடு, நனைந்த தலையோடு அக்கா. முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் பார்க்கவே இல்லை, சுவரைத்தான் பார்த்தார்.

"ஓட்டை எங்க?"

"பாம்பு வந்துச்சுக்கா, அடைச்சிட்டோம். அஞ்சு நிமிஷம் ஆச்சு, கடிகாரத்துல பாத்தேன்."

"கேஸுக்குக் கடிகாரம் பாக்கத் தெரியுமா? குச்சிய பெட்டிக்குள்ள வச்சுப் பையில போடு. எதையும் தொடாத. சுவிட்சு கிட்டயே போவாத. இப்படிக் குனி."

குனிந்தேன். வாசற்படிக்கு உள்பக்கம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மூக்கு இறங்கியதும் அழுகின பூண்டு மாதிரி ஒரு வாடை முகத்தில் அறைந்தது. நின்றபோது இது எனக்குத் தெரியவே இல்லை. நான் கட்டிய அந்தத் திருத்தமான படி கேஸைத் தொட்டித் தண்ணீர் மாதிரி தேக்கி வைத்திருந்தது. அதில் கணுக்கால் முங்க நின்றுகொண்டுதான் நான் குச்சியை எடுத்திருக்கிறேன். மெல்லப் படியைத் தாண்டி வெளியே வந்தேன்.

அக்கா அதற்குள் வெளியே போய்ச் சிலிண்டரின் வாயை இறுக மூடிவிட்டார். திரும்பினால் ட்ரில்லரண்ணன் வாயில் பீடி புகைகிறது.

"அண்ணே, அதைக் கீழ போடாதீங்க. அணைக்கவும் வேணாம். கையில வச்சுக்கிட்டே வேப்பமரத்தத் தாண்டிப் போயிடுங்க, போங்க."

"என்னம்மா, எம்மா நேரம் ஆவும்?"

"தெரியலண்ணே."

அவர் மரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கத்தினார். "தெரியலன்னா? எனக்கு இன்னிக்கும் நாளைக்குந்தான் இருக்கு! ஒரு நாள் வுட்டாலே முட்டி கல்லு மாதிரி ஆயிடுது. எம் பொழப்புல மண்ணப் போடாத. வேல போச்சுன்னா நீயா எங்க வூட்டுக்கு ஒல வைப்ப?"

"உங்க காலுக்காவத்தாண்ணே நிக்கிறேன். காலு மட்டும் போர்டுக்குப் போவ முடியாதுல்ல, ஆளும் கூடப் போவணும்ல."

அடைத்த ஓட்டைகளை உடைக்க வாட்ச்மேன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா தடுத்துவிட்டார். இரும்பு செங்கல்லில் பட்டுப் பொறி பறந்தால் போச்சு. நேராகச் சமையல்கட்டுக்குப் போய் உலக்கையோடு வந்தார். பின்னாலேயே சமையல்காரர் ஓடிவந்தார்.

"எம்மோவ், அது மொளகா இடிக்கிற ஒலக்க!"

"செவுத்துக்குக் காரம் தெரியாது, வுடுங்கண்ணே."

உலக்கையின் பூண் இல்லாத முனையால், வெளியிலிருந்து, ஒவ்வொரு செங்கல்லாக இடித்தார். மூன்று நாள் சுண்ணாம்பு இன்னும் இறுகவில்லை. நாலாவது இடியில் முதல் செங்கல் நகர்ந்தது. நானும் மாற்றி மாற்றி இடித்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். படியை வெறுங்கையால் பெயர்த்தோம். மேனேஜர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"யாரைக் கேட்டு உடைக்கிறீங்க? மறுபடி பாம்பு வந்தா யாரு பொறுப்பு?"

"வரும் சார். பாம்பு வந்தா கண்ணுக்குத் தெரியும், அடிச்சுப் போடலாம். இது வந்தா கண்ணுக்குத் தெரியாது சார்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சமையல்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, ரவை சலிக்கிற கம்பிச் சல்லடை ரெண்டு வச்சிருக்கீங்கல்ல?"

"ஒலக்கையும் போச்சு, சல்லடையும் போச்சா!"

"கம்பி வலைய நாலா வெட்டி ஓட்டைக்கு அடிச்சிட்டா பாம்பு வராது, கேஸு போவும். சந்தையில புதுசு வாங்கிக்குங்க, சாரு தருவாரு."

சாரு தருவாரு என்று மேனேஜர் காதுபடவே சொன்னதால் அவர் குடையை மடக்கிக்கொண்டார்.

அன்றைக்கு அக்கா மடியில் பூ இல்லை. பஸ்ஸிலிருந்து நேராக வந்தவர். வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "எவ்வளவு நேரம்க்கா?" என்றேன்.

"போற வரைக்கும்."

கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்று தடவை போய்க் குனிந்து பார்த்தோம். மூன்றாவது தடவை, "நீ சொல்லு" என்றார். மூக்கைத் தரையில் வைத்தேன். ஈரச் சிமெண்ட் வாசனை, சுண்ணாம்பு வாசனை, மிளகாய் நெடி. அவ்வளவுதான். அவரும் ஒரு வாட்டி பார்த்தார். பிறகு சிலிண்டர் மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவி, எங்கேயும் குமிழ் வரவில்லை என்று பார்த்துவிட்டு, பம்ப் போட்டு, தண்ணீர் விழுகிற இடத்தில் கையை வைத்துவிட்டு, என் பையிலிருந்த தீப்பெட்டியைக் கேட்டார். முதல் குச்சியிலேயே சின்னவன் எழுந்தான். பெரியவன் நீலமாகப் பற்றினான்.

தண்ணீர் சூடாக மூன்று மணி நேரம். ட்ரில்லரண்ணன் மரத்தடியை விட்டு வரவே இல்லை, சாப்பாட்டுக்குக்கூட. பதினோரு மணிக்கு அக்கா முழங்கையை முக்கிப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்றதும் இறங்கினார். பாதித் தொட்டி நடந்த பிறகு, "காலைல கொஞ்சம் வாய வுட்டுட்டேன்" என்றார்.

"காதுல வுழல. உலக்கச் சத்தம்."

டாக்டரம்மா சொல்லி அன்றைக்கு இரண்டு தடவை, மறுநாள் மூன்று தடவை. புதன்கிழமை சாயங்காலம் சைக்கிளில் ஏறினார். பெடல் மேலே வந்தது, நின்றது, அண்ணன் பல்லைக் கடித்தார், சட்டென்று அந்தப் பக்கம் விழுந்தது. ஒரு சுற்று! பின்சக்கரம் விர்ரென்று சுற்றுகிறது, வார்டில் இருக்கிற அத்தனை பேரும் ஜன்னலில். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்று கைதட்டினார். அக்கா மட்டும், "இன்னொரு வாட்டி சுத்துங்க, பாப்போம்" என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. மூன்று மணி பஸ்ஸில் அண்ணன் வந்து இறங்கினார். தனியாக, கம்பு ஊன்றாமல். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஏறச் சொன்னாங்க, ஏறிட்டேன். எறங்கச் சொன்னாங்க, எறங்கிட்டேன். அப்பறம் ட்ரில்லு மாட்டுறாப்புல குந்தி உக்காருன்னாங்க. முடியல. பாதியில நின்னுட்டு."

சமையல்காரர் இன்னொரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"கணக்கு முடிக்கல. ரெண்டு மாசம் கம்ப்ரசர்கிட்ட நிக்கிற வேலை. அதுக்குள்ள குந்தி உக்காந்து காட்டுனா மெஷினு. திங்கக்கெழமலேருந்து ரெண்டாவது ஷிப்டு, காலைல இங்க வந்துட்டுப் போவலாம்." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தார். "ரெண்டு மாசம் பத்துமா?"

அக்கா எழுந்து டாக்டரம்மாவின் ரூமுக்குப் போனார். பத்து நிமிஷம் கழித்து வந்தார். வரும்போதே என்னைப் பார்த்து, "தம்பி, முழுச் செங்கலா பதினாறு பொறுக்கு. மொனை ஒடைஞ்சது வேணாம்."

"எதுக்குக்கா?"

"தொட்டியில ஆழம் கம்மியா இருக்குற பக்கம் ரெண்டு ரெண்டா எட்டு அடுக்கு வைக்கிறோம். அண்ணன் அது மேல உக்காரணும். ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சுக்கணுமாம், வலிச்சா ஏறிடணுமாம். வாரத்துக்கு ஒரு அடுக்கா உருவிடலாம்னு அம்மா சொல்லுறாங்க. எட்டு வாரம்."

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். எட்டு வாரம், இரண்டு மாசம். "அப்ப கடைசி அடுக்கையும் எடுத்துட்டா நான் தரையில குந்திடுவேனா?"

"அது எனக்குத் தெரியாதுண்ணே. உங்க முட்டியக் கேட்டுத்தான் சொல்லணும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. மொதல்ல எட்டுல உக்காந்து பாப்போம்."